பிரேக்கை மிதித்தது யார்?

மாத்திரை டப்பாவில் வியாழக்கிழமைக் காலைக்கான குழி காலியாக இருந்தது. வியாழன் இரவிலிருந்து எல்லாக் குழிகளும் நிறைந்திருந்தன. இன்று சனிக்கிழமை. மணி காலை பத்து.

"இதய மாத்திரைங்க. ஒரு வேளைகூட விடக் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்கார்" என்றாள் காணாமல் போனவரின் தங்கை. "எங்கண்ணன் உயிரோட இருக்காரா, இல்லையா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

சர்வேயர் டப்பாவை மூடி மேஜையில் வைத்தார். பதில் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துக் கார்களைப் பார்வையிட்டவர் அவர். நசுங்கிய கார்களோடு வாழ்ந்து பழகியவருக்கு, மனிதர்களுக்கு உடனே பதில் சொல்லும் பழக்கம் விட்டுப் போயிருந்தது. வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகும் எல்லோருக்கும் அவர் சர்வேயர்தான்.

அவர் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுவதற்காகவே பிறந்தவள்போல உதவியாளர் ஒருத்தி இருந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபது வருடம் அடுத்தவர் பேச்சுக்கு இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தவள். ஆபரேட்டர் என்று கூப்பிட்டால்தான் திரும்புவாள்.

"சாரோட மௌனத்தைத் தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றாள் ஆபரேட்டர். "லைன் கட் ஆகலை. ஹோல்டுல இருக்கார்."

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. "போலீஸ்ல எல்லா ஆஸ்பத்திரியிலயும் விசாரிச்சுட்டாங்களாம். உங்கண்ணன் அடையாளத்துல யாரும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. அவரோட மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை பார்க்கற பொண்ணு, வியாழக்கிழமை அவர் கடைக்கே வரலைன்னு சொல்றா. அவரோட போனும் பர்ஸும் பின்னாடி ஷெட்டுல இருந்துச்சுன்னு போலீஸ்தான் எடுத்துக் குடுத்தாங்க."

மூவரும் அண்ணன் வீட்டின் பின்பக்க ஷெட்டுக்குள் நுழைந்தார்கள்.

உள்ளே ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரக்கூடியது. பின்பக்க இடது சக்கரம் கழற்றப்பட்டு, கார் இரும்பு ஸ்டாண்டின் மீது ஒரு காலைத் தூக்கிய மாதிரி நின்றது. கீழே தட்டில் கறுப்பாகக் கியர் ஆயில். சுவரில் இரண்டு ஆணிகள். ஒன்றில் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பர்ஸ் அதன் பையில்தான் இருந்ததாம். இன்னொரு ஆணி காலி. அதன் கீழே சுவர் மட்டும் ஓர் ஆள் உயரத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கேறிக் கிடந்தது.

ஷெட்டின் கதவு தானாகச் சாத்திக்கொள்ளப் பார்த்தது. ஆபரேட்டர் கார் ஓரமாகக் கிடந்த, குட்டையாக வெட்டி நுனியில் துணி சுற்றிய துடைப்பக் கட்டையை எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். வெளிச்சம் வந்தது.

சர்வேயர் முட்டி போட்டுக் குனிந்தார். சக்கரம் இருந்த இடத்துக்குப் பின்னால், கியர்பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு வட்டத் துளை. அது பழந்துணியால் அடைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் தரையில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம். நெம்பி எடுத்த பழைய ஆயில் சீல். பிரிக்காத பொட்டலத்தில் புதுசு ஒன்று, அதன்மேல் உதிரிபாகக் கடையின் முத்திரை.

"உங்கண்ணன் ஆயில் சீல் மாத்திக்கிட்டிருந்திருக்கார்" என்றார் சர்வேயர். அன்றைக்கு அவர் பேசிய முதல் வாக்கியம். "கியர்பாக்ஸ்லேர்ந்து சக்கரத்துக்குப் போற தண்டுதான் ஆக்சில். அது உள்ளே நுழையற வாயில ஆயில் கசியாம இருக்க இந்த வளையம். இது தேஞ்சா ஷெட்டெல்லாம் எண்ணெய்தான்."

"அண்ணனா? அவருக்கு ஸ்பானர் பிடிக்கவே தெரியாதே? கை எப்பவும் பளிச்சுன்னு இருக்கும். லென்ஸ் தொடற கைங்க."

"நீங்க கடைசியா இந்த ஷெட்டுக்குள்ள எப்ப வந்தீங்க?"

தங்கை யோசித்தாள். "அண்ணி தவறின வருஷம்... ஏழு வருஷம் ஆச்சு. இந்த வயசுல இந்தச் சிவப்பு டப்பா எதுக்கு, வித்துத் தொலைங்கண்ணான்னு சொன்னேன். அதுக்கப்புறம் கார் பேச்சே அவர் எடுத்ததில்லை. ஞாயித்துக்கிழமை சாப்பாடு கொண்டு வருவேன். முன்வாசலோட போயிடுவேன்."

சர்வேயர் தலையசைத்தார். எழுந்து கார்க் கதவைத் திறந்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பார்த்தார். அது செத்த வால் மாதிரி தொளதொளவென்று மேலே வந்தது. வேலை செய்யவில்லை. அவருடைய புருவம் ஏறியது.

"வந்துட்டாரு லைனுக்கு" என்று முணுமுணுத்தாள் ஆபரேட்டர்.

"ஆக்சிலை வெளியே எடுக்கணும்னா முதல்ல சக்கரத்து நடுவுல இருக்கற பெரிய நட்டைக் கழட்டணும். சக்கரம் தரையில இருக்கறப்பவே அதை லூஸ் பண்ணணும். சாதாரண இறுக்கம் இல்லை. ரெண்டு முழக் கம்பியை மாட்டி, மேல ஏறி நின்னாதான் அசையும். அப்ப சக்கரம் சுத்தாம இருக்க ஒரு ஆள் உள்ள உட்கார்ந்து பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கணும். ஹேண்ட்பிரேக்கும் இல்லைங்கறப்ப..."

"இந்த வேலையை ஒத்தை ஆளா செய்ய முடியாது" என்று முடித்தாள் ஆபரேட்டர்.

"உள்ள உட்காருங்க."

ஆபரேட்டர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு அவள். கால் அழகாகப் பிரேக்கில் பதிந்தது. முகம் ஸ்டியரிங்கோடு கொஞ்சியது.

"அண்ணன் உயரம் என்னம்மா?"

"ஆறடி."

"ஆறடி ஆள் இந்த சீட்டுல உட்கார்ந்தா முட்டி தாடையில இடிக்கும்" என்றார் சர்வேயர். "சீட்டைக் கடைசி வரைக்கும் முன்னாடி தள்ளியிருக்காங்க. பிரேக்கை மிதிச்ச ஆள் குள்ளம்."

"என் கையில விலங்கு மாட்டிடுங்க சார்" என்றாள் ஆபரேட்டர், இரண்டு கைகளையும் ஜன்னல் வழியாக நீட்டி. "இல்லாட்டி..." என்று சொல்லி, தங்கையை ஏற இறங்கப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். தங்கையும் அதே உயரம்தான்.

"நான் இங்க வந்தே ஏழு வருஷம்னு சொன்னேனே" என்றாள் தங்கை. கோபப்படவில்லை. "அப்ப யாரோ கூட இருந்திருக்காங்கன்னு சொல்றீங்களா?" அவள் குரலில் பயத்தோடு வேறொன்றும் கலந்திருந்தது. ஒரு நிம்மதி மாதிரி. அண்ணனுக்கு யாரோ ஒருவர் இருந்திருக்கிறார் என்பதுபோல.

சர்வேயர் அதைக் கவனித்தார்.  அதைவிட அவசரமான ஒன்று இருந்தது. ஷெட்டை மூலை முடுக்கெல்லாம் தேடியாயிற்று. கழற்றிய ஆக்சில் எங்கேயும் இல்லை.

"முழங்கை நீள இரும்பு. எட்டு கிலோ தேறும்" என்றார். "கூட இருந்த ஆளையும் காணோம். அதையும் காணோம்."

"அதாலயே அண்ணனை அடிச்சிருப்பாங்களா?" என்றாள் தங்கை.

*

உதிரிபாகக் கடை நாலு தெரு தள்ளி இருந்தது. கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால், கூரை வரை அடுக்கிய அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, பெட்டியோடு பெட்டியாக உட்கார்ந்திருந்தார். ஆபரேட்டர் நீட்டிய புகைப்படத்தை மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"யாரு இது? மாப்பிள்ளை மாதிரி வெள்ளைச் சட்டையில... அட, நம்ம மெக்கானிக் அண்ணன்!"

"மெக்கானிக்கா?"

"ஆமாங்க. நீல ஓவரால் போட்டுக்கிட்டு, கையெல்லாம் கிரீஸோட வருவாரு. சொந்தமா பட்டறை வெச்சிருக்காரு. புதன்கிழமைதான் இந்த சீலை வாங்கிட்டுப் போனாரு. ஏன், என்ன ஆச்சு?"

சர்வேயரும் ஆபரேட்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவரைக் காணோம்" என்றாள் ஆபரேட்டர். "பட்டறையில கூட யாராவது வேலை பார்க்கறாங்களா?"

"ஒரே ஒரு ஆள். ஒல்லி."

"பேரே ஒல்லியா?"

"அண்ணன் அப்படித்தான் சொல்வாரு. நான் நட்டைத் திருப்புவேன், ஒல்லி பிரேக்கை மிதிச்சுக்குவான்னு. ரொம்ப நல்ல ஆளாம். வாயைத் திறக்க மாட்டானாம், லீவு கேக்க மாட்டானாம், திட்டினாலும் கோவிச்சுக்க மாட்டானாம். எனக்கும் அப்படி ஒரு ஆளைப் பிடிச்சுக் குடுங்கண்ணேன்னு கேட்டேன். சிரிச்சாரு."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"எங்க? ஒரு தடவையும் கூட்டிட்டு வந்ததில்லை. ஆனா வாரம் ஒரு தடவை அண்ணன் வருவாரு. வாங்கறதுக்கு ஒண்ணும் இல்லாட்டியும் ரெண்டு போல்ட்டு, நாலு வாஷர்னு எதையாவது கேட்டுக்கிட்டு, இந்த ஸ்டூல்ல அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவாரு."

சர்வேயர் அந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் பள்ளம் விழுந்த மர ஸ்டூல்.

"ஆக்சிலைக் காணோம்" என்றார் திடீரென்று. "அதைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"சொன்னது நான்தாங்க. ஒரே சீலை ரெண்டாவது தடவையா மாத்தறாரு. அப்பவே சொன்னேன், அண்ணே, தப்பு சீல்ல இல்லை. ஆக்சில் மேல, சீல் உரசற இடத்துல நகத்தை வெச்சு இழுத்துப் பாருங்க, நகம் தட்டுச்சுன்னா பள்ளம் விழுந்திருக்குன்னு அர்த்தம். எத்தனை சீல் போட்டாலும் ஒழுகத்தான் செய்யும். லேத் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போனா அந்த இடத்துல மெல்லிசா ஒரு உறை போட்டுத் தருவாங்கன்னேன்."

லேத் பட்டறைக்கு அங்கிருந்தே போன் போட்டார்கள். பேசியவர் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தினார். வியாழக்கிழமை அப்படி யாரும் வரவில்லை. ஆறடி ஆளும் வரவில்லை, குள்ள ஆளும் வரவில்லை, ஆக்சிலும் வரவில்லை.

வெளியே வந்ததும் ஆபரேட்டர் கணக்குப் போட்டுவிட்டாள். "வீட்டுக்கும் லேத்துக்கும் நடுவுல ஏதோ நடந்திருக்கு சார். ஆக்சிலோட கிளம்பினது ரெண்டு பேர். ஒல்லியைப் பிடிச்சா விஷயம் வெளிய வந்துடும். ஊமை, குள்ளம், ஒல்லி. இவ்வளவு அடையாளம் இருக்கறப்ப போலீஸே கண்டுபிடிச்சிரும்."

சர்வேயர் நடந்தார். ஒரு தெரு முழுக்கப் பேசவில்லை. இரண்டாவது தெருவிலும் பேசவில்லை. துணி தேய்ப்பவரின் வண்டியைத் தாண்டும்போது சொன்னார்: "லீவு கேக்க மாட்டான். கோவிச்சுக்க மாட்டான்."

"ஆமா. அதுக்கென்ன?"

"இப்படிப்பட்ட ஒரு ஆளை எனக்கும் தெரியும்."

"யாரு?"

அவர் நடையை வேகமாக்கினார். பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்த ஆபரேட்டர், "சொல்லிட்டு நடந்தா கால் வலிக்குமா?" என்று கேட்டது காற்றோடு போயிற்று.

*

தங்கை ஷெட்டிலேயே இருந்தாள். வெள்ளைச் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து மடித்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சர்வேயர் ஷெட்டைச் சுற்றி வந்தார். இந்தமுறை அவர் தேடியது காணாமல் போன பொருளை அல்ல. இருக்கிற பொருள்களை எண்ணினார். உட்கார ஒரு ஸ்டூல். அலமாரியில் ஒரு டீக் கோப்பை. ஒரு ஜோடி கையுறை. ஒரு துண்டு.

"ரெண்டு பேர் வேலை பார்க்கற இடத்துல எல்லாம் ஒண்ணொண்ணு" என்றார்.

பிறகு ஷெட்டின் கதவருகே போனார். முட்டுக் கொடுத்திருந்த துடைப்பக் கட்டையை எடுத்தார். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. அரையிருட்டில் கட்டையைத் தடவிப் பார்த்தார். ஒரு நுனியில் ஊன்றுகோலுக்குப் போடுகிற ரப்பர் மூடி. அந்த ரப்பரில் வரிவரியாக அழுந்திய தழும்பு. மறு நுனியில் நான்கு மடிப்பாகச் சுற்றிக் கட்டிய மெல்லிய துணி. மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணி.

கார்க் கதவைத் திறந்து, இருக்கையைப் பின்னே நகர்த்தினார். ரப்பர் நுனியைப் பிரேக்கின் மீது வைத்தார். துணி சுற்றிய நுனியை இருக்கையின் விளிம்பில் கொடுத்தார். இருக்கையைப் பின்னாலிருந்து தள்ளினார். அது முன்னே நகர நகரக் கட்டை பிரேக்கை அழுத்தியது. கடைசிப் பல்லில் இருக்கை க்ளிக் என்று நின்றபோது, பிரேக் முழுசாக மிதிபட்டிருந்தது.

"ஒல்லி" என்றார் சர்வேயர்.

ஆபரேட்டர் கட்டையையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். 

"காலையிலேர்ந்து கொலைகாரனைக் கதவுக்கு முட்டுக் குடுத்து வெச்சிருந்தேனா நான்?" என்றாள் பிறகு, சின்னக் குரலில்.

"அப்ப... யாருமே இல்லையா? கூட யாருமே இல்லையா?" என்றாள் தங்கை. ஆபத்து ஒன்று விலகியதற்கான குரலாக அது இல்லை. இருந்த ஒருவரும் செத்துப்போன மாதிரி இருந்தது. "பத்து நிமிஷம் நடந்தா எங்க வீடு. பிரேக்கை மிதிக்கறதுக்குத்தானே? ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்து மிதிச்சிருக்க மாட்டேனா?"

அதற்கான பதில் சர்வேயரிடம் இருந்தது. கூப்பிட்டிருந்தால் கார் பற்றிப் பேச வேண்டி வந்திருக்கும். விற்றுத் தொலைக்கச் சொன்ன ஒருத்தியிடம், அது ஒழுகுகிறது என்று எப்படிச் சொல்வது? ஆனால் அதைச் சொல்லும் நேரம் இது இல்லை. அவருடைய பார்வை காலி ஆணிக்குக் கீழே இருந்த பிசுக்குச் சுவரில் நின்றது.

"போலீஸ்ல என்ன அடையாளம் குடுத்தீங்க?"

"ஆறடி உயரம். வெள்ளைச் சட்டை. கண்ணாடிக் கடை முதலாளி. கையில ஒரு அழுக்கு இருக்காது..." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். மடியில் இருந்த சட்டையைக் குனிந்து பார்த்து, அதைப் பிடித்தபடி எழுந்தாள்.

"நீங்க சொன்ன ஆள் அந்த ஆணியில தொங்கிட்டிருந்தார்" என்றார் சர்வேயர். "கிளம்பிப் போனது இந்த ஆணியில தொங்கின ஆள். நீல ஓவரால், கையெல்லாம் கிரீஸ், பையில பஸ்ஸுக்குச் சில்லறை மட்டும். எட்டு கிலோ இரும்பைத் தனியா தூக்கிக்கிட்டு. இதயம் பலவீனமான ஆள். அவரை எந்த ஆஸ்பத்திரியிலயும் யாரும் தேடவே இல்லை. ஆபரேட்டர்!"

ஆபரேட்டர் அதற்குள் போனை எடுத்துவிட்டாள். தொண்டையைச் செருமியதும் அவள் குரல் மாறியது. இருபது வருடம் எந்த வாயில்காவலனாலும் தடுக்க முடியாத குரல் அது.

"வணக்கம், பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவா? வியாழக்கிழமை வந்த பேர் தெரியாத நோயாளிங்க... வெள்ளைச் சட்டையை மறந்துடுங்கம்மா. மெக்கானிக் மாதிரி யாராவது?"

மறுமுனையில் ஒரு நர்ஸின் அலுத்த குரல் ஸ்பீக்கரில் கேட்டது. "மெக்கானிக்கா? அந்த இரும்புக்காரரைக் கேக்கறீங்களா? பஸ் ஸ்டாப்புல விழுந்து கிடந்தார்னு வியாழக்கிழமை மத்தியானம் கொண்டு வந்து போட்டாங்க. ஹார்ட் அட்டாக். மாஸ்க் போட்டிருக்கு, பேச முடியலை. ஆனா கட்டிலுக்கு அடியில துணி சுத்தின ஒரு இரும்பு இருக்கு பாருங்க, அதை எடுத்துப் போட வந்தா மட்டும் எழுந்திருக்கப் பார்க்கறார். நீங்க அவர் பட்டறைலேர்ந்து பேசறீங்களா?"

தங்கை அங்கிருந்த ஒரே ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். வெள்ளைச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

*

வார்டில் பதினாறு கட்டில்கள். பதினைந்தைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் தனியாக இருந்த ஒன்றைத் தேட வேண்டியிருக்கவில்லை.

கட்டிலைவிட நீளமான மனிதர். நகக்கண்களில் இன்னும் கிரீஸ். தங்கையைப் பார்த்ததும் அவருடைய கை முதலில் போர்வைக்குள் ஒளிந்துகொண்டது. சின்ன வயதில் தப்புச் செய்துவிட்டு மறைத்துக்கொள்கிற கை. அவள் போர்வைக்குள் கையை விட்டு, அதை வெளியே இழுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

சர்வேயர் நாலடி தள்ளி நின்றார். ஆனால் காது அவருடைய தொழில்.

"ஒல்லிக்கு இனிமே லீவு குடுத்துடுங்கண்ணா" என்றாள் தங்கை.

அண்ணனின் கண்கள் விரிந்தன. மாட்டிக்கொண்டவரின் வெட்கம் முகமெல்லாம் பரவியது.

"இந்த இரும்பை லேத்துல குடுத்து வாங்கிட்டு வர்றது என் பொறுப்பு. நீங்க எழுந்து வந்து மாட்டுங்க. திரும்ப நட்டு இறுக்கறப்பவும் பிரேக் மிதிக்கணுமாமே. சர்வேயர் சார் சொன்னார். நான் வந்து மிதிக்கறேன். கார் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். வேணும்னா நானும் ஊமையா இருந்துக்கறேன்."

அவர் மாஸ்க்கை இரண்டு விரலால் கொஞ்சம் தூக்கினார். நர்ஸ் அதட்டுவதற்குள் சொல்லிவிட்டார்.

"பேசு. சீட்டு... முன்னாடிதான் இருக்கு. உனக்குச் சரியா இருக்கும்."

நர்ஸ் வந்து மாஸ்க்கை அமுக்கிவிட்டு, தங்கையிடம் ஒரு படிவத்தை நீட்டினாள். 'நோயாளியுடன் இருப்பவர்' என்ற வரி இரண்டு நாளாகக் காலியாகக் கிடந்தது. தங்கை கட்டிலிலேயே வைத்து எழுதினாள். 'உறவு' என்ற இடத்தில் 'தங்கை' என்று கையெழுத்தைவிடப் பெரிசாக எழுதினாள்.

சர்வேயர் திரும்பி வெளியே நடந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் பஸ் ஸ்டாப். வெயில் ஏறியிருந்தது. சிமெண்ட் பெஞ்சில் ஒரு முனையில் அவர், மறுமுனையில் ஆபரேட்டர், நடுவில் அவளுடைய கைப்பை.

"சார், ஒண்ணு கேக்கறேன். கட்டையை எடுக்கறதுக்கு முன்னாடியே, தெருவுல நடந்து வர்றப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, ஒல்லின்னு ஒரு ஆளே கிடையாதுன்னு. எப்படி?"

ஒரு பஸ் வந்தது. அவர்களுடையது இல்லை. போயிற்று.

"போன வருஷம் எனக்கு ஒரு ஆபரேஷன் நடந்துச்சு" என்றார் சர்வேயர்.

"எப்ப? வெளியூர்ல கேஸுன்னு பத்து நாள் போனீங்களே, அப்பவா?"

"அதே மாதிரி படிவம் குடுத்தாங்க. கூட யார் இருக்கான்னு. எழுதாம விட்டா ஆபரேஷன் கிடையாதுன்னாங்க. பெரியம்மா பையன்னு எழுதினேன். ஊர்லேர்ந்து கிளம்பிட்டான், வந்துக்கிட்டே இருக்கான்னு சொன்னேன். நான் டிஸ்சார்ஜ் ஆகற வரைக்கும் வந்துக்கிட்டே இருந்தான்."

"உங்களுக்குப் பெரியம்மாவே கிடையாதே சார்?"

"அதான். லீவு கேக்க மாட்டான். கோவிச்சுக்க மாட்டான்."

ஆபரேட்டர் கைப்பையைத் திறந்து மூடினாள். மறுபடி திறந்தாள். பிறகு அவருடைய சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னக் குறிப்பு நோட்டை, கேட்காமலே எடுத்து, கடைசிப் பக்கத்தில் எதையோ எழுதித் திரும்பச் செருகினாள்.

"என்ன எழுதினீங்க?"

"என் வீட்டு போன் நம்பர். அடுத்த தடவை எவனாவது படிவத்தை நீட்டினா அதைப் பார்த்து எழுதுங்க. உறவுங்கற இடத்துல என்ன போடறதுன்னு நீங்களே யோசிச்சுக்குங்க. உங்களுக்குத்தான் யோசிக்க நேரம் வேணுமே."

நேரம் எடுத்துக்கொண்டார். தூரத்தில் அவர்களுடைய பஸ் தெரிந்தது. அது சிக்னலில் நின்று, கிளம்பி, கிட்டே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் வரை அவர் யோசித்தார்.

"பெரியம்மா பொண்ணுன்னு எழுதலாமா?"

"பெரியம்மாவா?" ஆபரேட்டர் எழுந்து நின்று இடுப்பில் கை வைத்தாள். "எங்கம்மா உங்கம்மாவை விட அவ்வளவு கிழவியா? சித்தி பொண்ணுன்னு எழுதுங்க சார்!"

கைப்பையை எடுத்துக்கொண்டு அவள் முதலில் ஏறினாள். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்துப் பிடித்துக்கொண்டாள், வேறு யாரும் உட்கார்ந்துவிடாதபடி.